நான்காம் பேசின்

பேக்கரி வாசலில் பாணுக்கு விடியுமுன் வரிசையில் நிற்கவேண்டியிருந்த காலத்தில் நான் நத்தை வளர்த்தேன். திருகோணமலையில் ஒரு பெண்கள் பாடசாலைக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்த புதிது. எங்கள் விஞ்ஞான அறையில் பாடசாலை அதிபர் அம்மாவுக்கு எப்போதும் ஒரு கண். வட்டாரக் கல்வி அதிகாரி வரும்போது காட்ட உருப்படியாக ஏதும் இல்லையென்றால் அதைத் தையல் அறையாக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அதற்குள் இருந்தது கொஞ்சம் கண்ணாடிக் குழாய்களும் ஓர் உடைந்த தராசும்தான். ஆனாலும் அது என் அறை. விட மனமில்லை.

கப்பல்துறைக் கிராமத்துப் பக்கம் வயல் வாய்க்காலில் நத்தைகளைப் பிடித்து வந்தேன். பாடசாலையில் வைத்தால் திறந்த யன்னலால் காகம் வந்து கொத்திவிடும் என்று, நான் வாடகைக்கு இருந்த வீட்டின் குசினிக்குள், அடுப்புக்குச் சற்றுத் தள்ளி, நான்கு பேசின்களை வைத்தேன். முற்றமும் சரிவராது, ஊருக்குள் சுற்றும் மான்கள் நத்தைக்குப் போடும் முட்டைக்கோவாவைத் தின்றுவிடும். முதலாவதற்கு நல்ல தண்ணீரும் கோவா இலையும். இரண்டாவதற்கு நல்ல தண்ணீரும் முருங்கையிலையும். மூன்றாவதற்குக் கோவாதான், ஆனால் வீட்டு வளவுக் கிணற்றின் உப்புக்கரிக்கும் சவர்த் தண்ணீர். நான்காவதற்கு நல்ல தண்ணீர் மட்டும், சாப்பாடு கிடையாது.

வீட்டுக்கார மாமி முதல் இரண்டையும் ஒத்துக்கொண்டார். மூன்றாவதற்கு முகம் சுளித்தார். நான்காவதில் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன் பிள்ளை, இதுகள் என்ன பிழை செய்ததுகள்?"

"பிழை ஒண்டும் செய்யேல்ல மாமி. சாப்பாடு இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு பார்க்கிறன்."

"அதையும் பார்க்க வேணுமே? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

அந்த வீட்டுக்கு யார் வந்தாலும், தபால்காரர் உட்பட, முதல் கேள்வி சாப்பிட்டாச்சோ என்பதுதான். ஓம், சாப்பிட்டாச்சு என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். இதை நான் பரிசோதனை தொடங்குமுன் யோசித்திருக்கவேண்டும்.

நாட்கள் போக, கோவா நத்தைகள் ஒழுங்காக வளர்ந்தன. முருங்கை நத்தைகள் கோபித்துக்கொண்டவை மாதிரிக் கிடந்தன. சவர்த் தண்ணீரில் ஓட்டின் மூடியை இறுக்கிக்கொண்டு கிடந்தவை திடீரென்று உற்சாகமாக உலாவின. பட்டினி நத்தைகளோ எல்லாவற்றையும் விடக் கொழுத்துப் போய், சுவரில் ஏறி, துறைமுகத்தில் வேலை செய்த வீட்டுக்கார மாமா வந்து சாயும் கதிரை வரைக்கும் போய்வந்தன. உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலை கால் புரியவில்லை.

பரிசோதனையைப் பார்க்கக் கல்வி அதிகாரி அதிபர் அம்மாவோடு வீட்டுக்கே வந்தார். நான்காம் பேசினிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார்.

"இதுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறீங்கள், ரீச்சர்?"

"ஒண்டுமில்லை, சேர். முழுப் பட்டினி," என்றேன் பெருமையாக.

தேத்தண்ணீரோடு வந்த மாமியின் முகம் கறுத்துவிட்டது.

"பொய், ஐயா. காலமையும் பின்னேரமும் நான் கீரை போடுறனான். எங்கட வீட்டில ஒரு சீவனும் பட்டினி கிடக்கிறேல்ல."

"பின்னேரம் நீயும் போடுறனியோ?" என்றார் மாமா கதிரையிலிருந்து. "நானெல்லோ பாண் போடுறனான்."

"அந்தச் சவர்த் தண்ணியையும் மாத்திப்போட்டன், ஐயா. அதை ஆர் வாயில வைக்கிறது?" என்றார் மாமி.

எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. அதிபர் அம்மா தையல் மெசினை எந்த யன்னலோரம் வைக்கலாம் என்று யோசிப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதிகாரி கையிலிருந்த நத்தையைத் திரும்பவும் பேசினில் விட்டார்.

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ?" என்று மாமி அவரைக் கேட்டார்.

பாவம், அவர் ஓம் என்றார். மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் வந்தன. அவர் போதும் போதும் என்று கையால் மறைக்க மறைக்க, மாமி விரலிடுக்கால் போட்டுக்கொண்டேயிருந்தார். கை கழுவ எழும்பவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"விஞ்ஞான அறை இருக்கட்டும்," என்றார் அதிபர் அம்மாவிடம். "ரீச்சரின்ர பரிசோதனையில பிழையில்லை. இந்த வீட்டில வைச்சு ஒருத்தரையும் பட்டினி போட ஏலாது, அவ்வளவுதான். அங்க கொண்டுபோய் வைக்கட்டும்."

அடுத்த நாளே, காகம் வராமல் யன்னலுக்குக் கம்பிவலை அடித்து, பேசின்களை அறைக்குக் கொண்டுபோனேன். மாமி வாசல் படலையடியில் நின்று சாப்பாட்டுப் பார்சலை நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மத்தியானம் பார்சலைப் பிரித்தேன். சோற்றுக்குப் பக்கத்தில், வாழையிலைத் துண்டில் தனியாகச் சுற்றி, கழுவிய பச்சைக்கீரை கொஞ்சம் இருந்தது. நான் எழும்பி அறைக்கதவைச் சாத்திவிட்டு, அதை நான்காம் பேசினில் போட்டேன்.