ஒன்பதில் நின்ற முள்

ஹில்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வடதுருவத்தை ஒட்டிய லாப்லாந்தில் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் செவிலி. கணவன் இல்லை, பிள்ளை இல்லை. பழைய டீசல் வண்டி ஒன்று உண்டு. சண்டையும் சமாதானமும் அதனோடுதான்.

மூன்று மணிக்கு வேலை. காலை எட்டுக்கே வண்டியின் மின்கம்பியை வாசல் கம்பத்துப் பெட்டியில் செருகி வைப்பாள். பெட்டிக்குள்ளிருக்கும் கடிகாரம் ஒரு மணிக்கு மின்சாரத்தை விடும், எஞ்சின் சூடேறும். அந்தத் தெம்பில், குளிரில் டீசல் எஞ்சினைக் கிளப்ப உதவும் குளோ பிளக் நான்கில் இரண்டு செத்துப்போனதை அவள் கண்டுகொள்ளவில்லை. சோம்பல்தான், வேறென்ன.

அவள் பார்த்துக்கொள்பவர்களில் அவ்லிஸ் ஒருவர். முப்பது வருடம் ஹில்காவின் குடியிருப்பில் இந்தக் கம்பங்களைப் பராமரித்தவர். இப்போது இடுப்பு உடைந்து, ஏரிக்கு அந்தப் பக்கம் தனியாகப் படுத்திருக்கிறார்.

"பிளக்க மாத்தினியா?" என்பார் தினமும்.

"கம்பம் இருக்கறப்ப பிளக் எதுக்கு அண்ணே?"

"கம்பம் நீ சொன்ன நேரத்துக்குத்தான் சூடு பண்ணும். ஆபத்து ஒன்கிட்ட நேரம் கேட்டுக்கிட்டா வரும், கழுத?"

ஒரு திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தபோது முள் ஒன்பதில் நின்றது. ஒன்றுக்குத் திருப்பினாள். செவ்வாயும் ஒன்பது. பெட்டிச் சாவியோ அவளிடம் மட்டும்தான். புதனன்று புதுப்பனி விழுந்திருந்தது. கம்பத்தைச் சுற்றி ஒரு காலடி இல்லை, மூடிமேல் பனி கலையவில்லை. உள்ளே, ஒன்பது.

"யாருடா அது, வெளாடறது?" என்று விடியாத இருட்டைப் பார்த்துக் கத்திவிட்டு, முள்ளை மறுபடி ஒன்றுக்கே திருப்பினாள்.

அன்றே பதினொரு மணிக்கு போன் அடித்தது. அவ்லிஸின் கைப்பட்டை அலாரம். எடுத்தால் மூச்சு மட்டும் கேட்டது. ஆம்புலன்ஸ் வர ஒன்றரை மணி நேரமாகும்; அவள் கால் மணியில் போய்விடலாம்.

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. சாவியைப் பாதி திருப்பினாள். பிளக்குக்கான மஞ்சள் சுருள் விளக்கு எரிந்து அணைந்தது. எஞ்சின் முனகியது, பிடிக்கவில்லை. மறுபடியும் முனகல்தான். அக்கம்பக்கத்து வண்டிகள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தன. கடிகாரத்தைத் திருகி மின்சாரத்தை விட்டு, முக்கால் மணி நேரம் கம்பத்தடியில் நின்றாள். தன்மேலேயே அவ்வளவு ஆத்திரம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை.

அவ்லிஸ் கட்டிலுக்குக் கீழே கிடந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் எதையோ மெல்லத் திருகிக்கொண்டிருந்தன.

"மூணு நாளா ஒம்போதுல வெச்சேனேம்மா," என்றார். "ஏன் மாத்தின?"

ஆம்புலன்ஸ் வருவதற்குள் விரல்கள் நின்றுவிட்டன.

மறுநாளே ஹில்கா நான்கு பிளக்குகளையும் மாற்றினாள். முள்ளை ஒன்றுக்குத் திருப்பி வைத்தவள் அதன்பின் தொடவே இல்லை. இரண்டு குளிர்காலம் அது ஒன்றிலேயே நின்றது.

இன்று காலை பெட்டியைத் திறந்தாள். பத்து.

இந்த முறை முள்ளை அப்படியே விட்டாள். யாருக்காக என்று தெரியாது. கோட்டைப் போட்டு, பூட்ஸ் மாட்டி, போனை மடியில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே, பத்து மணியிலிருந்து வண்டி சூடாகிக்கொண்டிருக்கிறது.