அவர்களே

மைக் முன்னால் வந்து நின்றதும் எங்கள் எம்.பி. அதை ஊதிப் பார்க்க மாட்டார், தட்டிப் பார்க்க மாட்டார். துண்டின் நுனியால் ஒரு துடை துடைப்பார். பிறகு மேடையின் இடது கோடியிலிருந்து ஆரம்பிப்பார். மாவட்டச் செயலாளர் அவர்களே, ஒன்றியச் செயலாளர் அவர்களே என்று பேரும் பதவியுமாகச் சொல்லிக்கொண்டே போய், வலது கோடியில் நாற்காலி கிடைக்காமல் நிற்பவர் வரைக்கும் ஒருவரையும் விட மாட்டார். மேடை முடிந்ததும் கீழே இறங்குவார். டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டுத் தலைவர், கடைசியில் "ஒலி, ஒளி அமைத்துக் கொடுத்த அன்புத் தம்பி அவர்களே." அந்தத் தம்பி நான்தான். மரக்காணத்தில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். கூழ் ஊற்றும் திருவிழாவிலிருந்து கட்சிக் கூட்டம் வரை ஊர்ப்பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவன். எனக்கே அந்த 'அவர்களே' இனிக்கத்தான் செய்தது.

அவரிடம் பணமும் இல்லை, பெரிய படிப்பும் இல்லை. பேர் சொல்லியே மேலே வந்தவர். கவுன்சிலராக இருந்த காலத்தில் ஒரு கும்பாபிஷேகத்தில் தன் பங்காளி ஒருவரின் பேரை விட்டுவிட்டாராம். அடுத்த தேர்தலில் அந்தத் தெருவே அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டது. அதிலிருந்து படித்த பாடத்தைக் கூட்டம் முடிந்து நான் ஒயர் சுருட்டும்போது அடிக்கடி சொல்லுவார்: "சோறு போடலன்னா கூட மறந்துடுவாம்பா. பேர விட்டுட்டா சாவற வரிக்கும் மறக்க மாட்டான்." அந்தப் பாடம் அவரை ஒன்றிய சேர்மன் ஆக்கியது. எம்.பி. சீட்டுக்குக் கட்சியில் இரண்டு பெரிய கைகள் அடித்துக்கொண்டபோது, யாருக்கும் பகையில்லாத ஆளாகப் பார்த்து இவருக்குக் கொடுத்தார்கள். நல்ல மனுஷர்தான். அதை இப்போதும் மறுக்க மாட்டேன். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் மாலையோடு முதலில் வந்து நிற்பவர் அவர்.

அந்தத் தேர்தலில் பிரசார வேனில் மைக் கட்டியவன் நான். காலையில் உப்பளத்து ஓரமாக வேனை நிறுத்தினோம். கூடையில் உப்புச் சுமந்துகொண்டிருந்த பெண்கள் வரப்பிலேயே நின்றார்கள். அவர்களில் என் மனைவியும் ஒருத்தி. வேற்று ஆண்களிடம் ஒரு வார்த்தை பேசாதவள் அன்றைக்குக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேனருகே வந்தாள். "எங்களுக்கு ஒரு மறைப்பு வேணும்ணே" என்றாள். மறைப்பு என்றால் என்னவென்று எங்கள் ஊரில் விளக்க வேண்டியதில்லை. உப்பளம் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கிற பூமி. ஒதுங்க ஒரு புதர் கிடையாது. பக்கத்திலேயே கிழக்குக் கடற்கரைச் சாலை. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உப்பளம்தான் வேடிக்கை. சிலர் காரை நிறுத்தி போட்டோ எடுப்பார்கள். அதனால் பெண்கள் விடியுமுன் வீட்டில் ஒதுங்கிவிட்டு வேலைக்கு வருவார்கள், வீடு திரும்பும்வரை அடக்குவார்கள். அடக்குவதற்காகத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அந்த வெயிலில், அந்த உப்பில்.

அவர் வேனிலிருந்து கீழே இறங்கினார். "நாலு செவுரும் ஒரு தண்ணித் தொட்டியும் நானே கட்டிக் குடுத்துடுவம்மா. ஆனா இந்த எடம் சென்ட்ரல் கவர்மெண்டு எடம். டெல்லில கேட்டாதான் நடக்கும். நான் போனா மொதல்ல அதத்தான் கேப்பேன்" என்றார். அவள் நம்பினாள். அவர் சொன்னதை மனதார நம்பித்தான் சொன்னார் என்று நானும் நம்புகிறேன்.

ஜெயித்தார். அவருடைய கன்னிப் பேச்சைக் காட்ட பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நான் திரை கட்டினேன். ஊரே கூடியிருந்தது. அவருக்குக் கொடுத்தது மூன்று நிமிடம் என்று கட்சிக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். எழுந்தார். துண்டைத் தேடி, துண்டு இல்லாததால் விரலாலேயே மைக்கைத் துடைத்தார். அவைத் தலைவர் அவர்களே என்றார். அப்புறம் கட்சித் தலைவருக்கு நன்றி, மாவட்டச் செயலாளருக்கு நன்றி. ஒன்றியம் ஒன்றியமாக வந்தார். அனுமந்தை மீனவப் பெருமக்களுக்கு நன்றி என்றபோது எங்கள் கூட்டத்தில் விசில் பறந்தது. மரக்காணத்து வியாபாரிகள் சங்கத் தலைவரின் பேரைச் சொன்னதும், எங்களோடு திரை பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தலைவர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். அவையில் நேரம் முடிந்ததாக மணி அடித்தது. எம்.பி. இன்னும் வேகமாகப் பேர்களை அடுக்கினார். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "எங்கள் உப்பளத்தில் உழைக்கும் தாய்மார்கள்" என்று ஆரம்பித்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மைக்கை நிறுத்திவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் மைக்கை நான் நிறுத்தியதில்லை. அப்படி ஒன்று செய்யலாம் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊரில் பட்டாசு வெடித்தார்கள். நம்ம ஊர்ப் பேரு பார்லிமெண்டில் ஒலித்துவிட்டதாம். என் மனைவி வெடிச்சத்தம் அடங்கும்வரை காத்திருந்து என்னிடம் கேட்டாள்: "மறைப்பு பத்தி எப்ப சொன்னாரு?"

அவர் ஊருக்கு வந்ததும் வீட்டுக்கே போய்க் கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாப்பா பண்றது, மூணு நிமிஷந்தான் குடுத்தானுங்க. பேர விட்டுட்டு ஊர்ல வந்து யார் மூஞ்சில முழிக்க முடியும், சொல்லு. அடுத்த வாட்டி எட்த்ததுமே அதான்." அடுத்த வாட்டிகள் வந்தன. ஒன்றில் அமளி, சபை கலைந்தது. ஒன்றில் கட்சி சொல்லிக் கொடுத்ததைப் பேசினார். எழுதிக் கொடுத்ததற்குப் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்ததாகச் சொன்னார். பிறகு தேர்தல் வந்தது. இந்த முறை சீட்டு அந்தப் பெரிய கைகளில் ஒருவருக்குப் போனது. ஊர் மட்டும் அவரை இன்னமும் எம்.பி. என்றுதான் கூப்பிடுகிறது.

என் மனைவிக்கு முதலில் நீர்க்கடுப்பு என்று நினைத்தோம். மோரும் வெந்தயமும் கொடுத்துக்கொண்டிருந்தோம். கால் வீங்கியபிறகு புதுச்சேரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். டயாலிசிஸ் ஆரம்பித்த அன்று டாக்டரம்மா, இனிமேல் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும் என்றார். இவள் சிரித்துவிட்டாள். "அத எனக்குச் சொல்லித் தரணுமாம்மா" என்றாள். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நான் வெளியே போய் வராந்தாவில் நின்று அழுதேன். டயாலிசிஸ் அதிக நாள் ஓடவில்லை, அவள் போய்விட்டாள். உப்பளத்தில் இன்றுவரை ஒரு சுவர் எழும்பவில்லை. அவளோடு கூடை சுமந்தவர்கள் அதே வரப்பில், அதே போல நாக்கு வறளச் சுமக்கிறார்கள். இனி யார் டெல்லிக்குப் போனாலும் எனக்கு ஒன்றுதான். யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

காரியத்தன்று படத்திறப்பு வைத்தார்கள். வேண்டாம் என்றேன், மைக்செட்காரன் வீட்டில் மைக் இல்லாமலா என்று மச்சான்தான் கட்டினான். எம்.பி. ஆள் உயர மாலையோடு வந்தார். அதைச் சாத்தியதும் படத்தின் கீழே எழுதியிருந்த பேர் மறைந்துபோனது. மைக்கைத் துடைத்தார். வந்திருந்த தலைகள் ஒவ்வொன்றையும் பேர் சொல்லி விளித்தார். என்னையும் சொன்னார். படத்தின் பக்கம் திரும்பினார், நிறுத்தினார். மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"ஏம்பா, உன் வூட்டம்மா பேரு இன்னா?"

கையால் பொத்தினால் வெளியே கேட்காது என்று மேடை ஏறுகிற எல்லோரும் நினைக்கிறார்கள். குழாய் ஸ்பீக்கரில் தெரு முழுக்கக் கேட்டது. உப்பளத்திலிருந்து நேராக வந்து பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பேரைச் சொன்னேன். அவர் கையை எடுத்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார், "மறைந்த பச்சையம்மா அவர்களே" என்று ஆரம்பித்தார்.