சத்தமில்லாத சக்கரம்

சைக்கிளின் முன்சக்கரத்தை மடியில் கிடத்தி, நடுவில் இருக்கும் ஹப்பில் காதை வைத்து, கண்ணை மூடிச் சுழற்றிக்கொண்டிருக்கிறார் கியர் அக்கா. பள்ளிப் பேருந்து ஓட்டுநர். பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவிலும் எஞ்சின் லேசாக இருமினால் பிடித்துவிடும் காது அது. அப்படியொரு காது வீட்டில் வேறு யாருக்கும் இல்லை என்பது அவர் கட்சி. "உங்க காது பாட்டு கேக்கத்தாங்க லாயக்கு" என்பார் கணவரிடம்.

இன்று பத்து மணிக்கு மலைப்பாதைச் சைக்கிள் போட்டி. ஐம்பதைத் தாண்டி வந்த ஆசை. பெயர் கொடுத்ததிலிருந்து தூக்கத்திலும் பெடல் மிதிக்கிறார், போர்வைதான் பாவம். முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்துக்கொள்ளும் கவையான ஃபோர்க்கைப் புதிதாக மாட்டியிருக்கிறார், அதில் பழைய சக்கரம் உட்காராது. ஹப்பின் இரு முனைகளிலும் இருக்கும் மூடிகளை மாற்றினால்தான் உண்டு. அந்த மூடிகள் இன்று காலையில்தான் வந்து சேர்ந்தன. உறையைப் பல்லாலேயே கிழித்தார்.

பழைய மூடி அசைவேனா என்றது. கணவர் குறடை நீட்ட, அதன் பல் பட்டால் ஹப் நசுங்கிவிடும் என்று அக்கா தள்ளிவிட்டார். பழைய டியூப் துண்டைச் சுற்றி, திருகித் திருகி இழுத்தார். டப்! அக்காவுக்கு முகமெல்லாம் பல்.

புது மூடிகளை இடது இடப்பக்கம், வலது வலப்பக்கம் என்று துண்டில் வைத்துவிட்டு, கிரீஸ் எடுக்க உள்ளே போனார். கணவருக்கு மருந்துக்கடை. கை சும்மா இருக்காது. துண்டை உதறி மடித்து, அதன்மேல் மூடிகளை மாத்திரைப் புட்டிகள்போல அழகாக அடுக்கிவைத்தார்.

அக்கா வந்தார், கிரீஸ் தடவினார், இருபுறமும் அழுத்தினார். சக்கரத்தை ஃபோர்க்கில் ஏற்றி, அச்சை முறுக்கிச் சுழற்றினார். சரக், சரக் என்று பிரேக் தட்டு உரசியது. இந்தச் சக்கரத்தோடு போனால் முதல் ஏற்றத்திலேயே இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

கணவர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "துண்ட உதறினேன்மா. அழகா இருக்கட்டும்னு அடுக்கி வெச்சேன்."

அக்கா சக்கரத்தை உருவிப் பார்த்தார். பிரேக் பக்கத்து மூடி ஓர் அரிசி கனம் கூடுதல் உயரம். அது மறுபக்கம் உட்கார்ந்திருந்தது. "இருமலுக்குக் குடுக்குற மருந்த வயித்துவலிக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டபோதே இரண்டையும் பிடுங்கி இடம் மாற்றிவிட்டார். கோபப்பட நேரமில்லை, சிரிப்பும் வந்துவிட்டது.

சக்கரத்தைத் திரும்ப ஃபோர்க்கில் ஏற்றி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மறுபடி சுழற்றினார். குனிந்து காதை வைத்தார். நிமிரவேயில்லை. கணவர் பதறிப்போய் என்ன ஆச்சு என்று கேட்டார். அக்கா அவர் காதைப் பிடித்தார். திட்டு விழப்போகிறது என்று அவர் கண்ணை மூடிக்கொள்ள, அந்தக் காதை அப்படியே இழுத்துப் போய், சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த சக்கரத்தின் அருகில் வைத்தார்.