தெருவுக்குத் தெரியாத மச்சு

கோட்டாறு கடைத்தெருவில் கோலப்பனின் கருப்பட்டிக் கடையைப் பார்த்த யாரும், உயரமாக ஓடு வேய்ந்த ஒற்றைத்தட்டு வீடு என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைக்கட்டும் என்றுதான் கோலப்பனின் பாட்டா அதைக் கட்டினார். அவர்கள் ஜாதிக்கு மாடி கூடாது என்று ராஜ்யமே விலக்கி வைத்திருந்த காலம். மனுசன் லேசுப்பட்டவரா என்ன? கூரைக்குள்ளேயே ஒரு மச்சை எழுப்பி, தெருப்பக்கம் ஊசி நுழையக்கூட இடம் விடாமல் சுவரைப் பூசிவிட்டார்.

கருங்கல் ஊரிலிருந்து கோலப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த தாணம்மாளுக்கு அந்த மச்சில்தான் பாதி ஆயுசு. அடுக்களைப் புகை ஏறும் இருட்டில் கருப்பட்டியைத் தடவித் தடவி அடுக்குவாள். தெருவில் மேளம் போகும், சண்டை நடக்கும். அவளுக்கு எல்லாம் காதோடு சரி. ஐம்பத்தாறில் நாஞ்சில் நாடு தமிழ் ராஜ்யத்தோடு சேருகிறது, நாளைக்கு ஊர்வலம் என்று கேட்டதும் பொறுக்கவில்லை. ஜன்னல் வைக்கக் கொத்தனார் ராஜையனைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

"ஏட்டி, ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?" என்றான் கோலப்பன். "செவரு சரிஞ்சா கடைக்க மேலதான் விழும். பொறவு சோத்துக்கு எங்க போவ?"

ராஜையனுக்கும் உள்ளூரப் பயம்தான். "உத்தரம் இல்லாம ஓட்டை போட்டா நிக்காது அக்கா. கொஞ்சம் தட்டிப் பாக்கேன். அசைஞ்சா அடைச்சிருவேன்."

"அசைஞ்சா அடையுங்க. மொதல்ல தட்டுங்க."

உளி இறங்கியது. காரை பொலபொலவென்று கொட்டியது. கோலப்பன் கடைக்கும் மச்சுக்குமாக ஏறி இறங்கினான். திடீரென்று சத்தம் மாறியது. செங்கல் இல்லை, மரம். ராஜையன் வெறிபிடித்தவன்போல் செங்கல்லைப் பெயர்க்க, பலாமரத்து நிலை வந்தது, கதவு வந்தது, மேலே சுவரைத் தாங்கிக்கொண்டு பனை உத்தரமும் வந்தது.

பாட்டா ஜன்னலை வைத்துவிட்டுத்தான் சுவரை மூடியிருக்கிறார். என்றைக்காவது திறப்பார்கள் என்று அந்த மனுசன் நம்பியிருக்கிறார். தாணம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இனி ஆனை ஏறினாலும் நிக்கும்" என்று ராஜையன் கதவைத் திறந்து, வெளியே மூடியிருந்த ஒற்றை வரிச் செங்கல்லை உள்பக்கமாக இழுத்தான். வெயில் மடமடவென்று மச்சுக்குள் விழுந்தது.

"நீங்க பாருங்க. ஒங்க பாட்டா வச்சது" என்றாள் தாணம்மாள்.

"நீ பாரு ஏட்டி" என்றான் கோலப்பன். ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டான்.

அவள் தலையை நீட்டினாள். எதிர்க்கடை ஜான்ரோஸ் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"அக்கா, ஒங்க வீட்டுல மாடி உண்டுமா?"

"உண்டு" என்றாள் தாணம்மாள். "எப்பவுமே உண்டு."