மாடு வரவில்லை

படாளத்தில் புளியமரத்தில் மோதிய என் பழைய அம்பாசிடரைப் பார்க்க, இன்று காலை இன்ஷூரன்ஸ்காரர் வந்தார்.

படிவத்தை நானே நிரப்பியிருந்தேன். எழுபது வயதில் எழுதப் படிக்கக் கற்று, நிரப்பிய முதல் படிவம்.

"மாடு குறுக்கே வந்தது" என்று படித்தவர், "முத்து முத்தா எழுதியிருக்கீங்க பெரியவரே! யார் வூட்டு மாடு?" என்றார்.

கூசிப்போனேன். பணம் கிடைக்காதோ என்று பயந்து எழுதிய பொய் அது.

"மாடே வரல சார். போர்டைப் படிச்சிகினே ஓட்டிட்டேன்."

"இன்னா போர்டு?"

"மெதுவாகச் செல்லவும்."

சிரித்து முடித்து, புதுப் படிவம் தந்தார். "நடந்ததை அப்படியே எழுதுங்க. பார்க்கலாம்."

இன்னும் எழுதுகிறேன். பொய் மூன்று சொல்லில் முடிந்தது. உண்மை இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. எழுதிப் பழகிய நீங்களெல்லாம் எப்படித்தான் சுருக்கி எழுதுகிறீர்கள்?