நுனி முறித்த வெண்டிக்காய்

“செப்டெம்பர், மூன்றாம் சனி. இன்னும் விடியவில்லை. கடும் பனிப்புகார். கடை போடும் இடத்தில் வாழையிலை. விளக்கு எரிகிறது.”

போன வருட நாட்குறிப்பில் நான் எழுதியிருக்கும் வரிகள் இவை. எதையும் நாள், கிழமையோடு எழுதிவைப்பது என் பழக்கம். இடம், பாரிஸில் லா ஷப்பல் பகுதியில் மூன்று தெருக்கள் வந்து கூடும் ஒரு சின்னச் சதுக்கம். சனிக்கிழமை காலைகளில் விவசாயிகள் தங்கள் விளைச்சலைத் தாங்களே கொண்டுவந்து அங்கே விற்பார்கள். வாரநாட்களில் மருந்துக்கடையில் வேலை செய்யும் நான், சனிக்கிழமைகளில் அந்தச் சந்தையில் ஒரு கடைக்குத் துணையாக நிற்பேன்.

அந்தக் கடை ஒரு பிரெஞ்சுப் பெண்ணுடையது. வடக்கே, கார்ஜ் லே கொனெஸையும் தாண்டி அவளுக்குத் தோட்டம் இருக்கிறது. அங்கே ஒரு பிளாஸ்டிக் கூடாரம் முழுவதும் எங்கள் தமிழ் ஆட்களுக்கென்றே வெண்டி, பாகல், கத்தரி, பச்சை மிளகாய் போட்டிருந்தாள். விமானத்தில் வந்து வாடிய மரக்கறியையே வாங்கிப் பழகிய எங்களுக்கு, முதல்நாள் பறித்த பாகற்காய் அதிசயமாக இருந்தது. ஆனால் அவள் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். அடுத்த வருடம் வாராவாரம் ஒரு கூடை மரக்கறி எடுப்போம் என்று ஒக்ரோபர் முதற் சனிக்குள் போதிய குடும்பங்கள் பெயர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கூடாரத்தில் சலாதுக் கீரை போட்டுவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. குளிர்நாட்டில் வெண்டி வளர்ப்பது லேசான வேலையில்லை.

எங்கள் ஆட்களின் ஒரு பழக்கம்தான் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்ப்பது. “முறிக்காதீர்கள்” என்று என்னைக்கொண்டு தமிழில் ஓர் அட்டை எழுதிவைத்தாள். ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதிலும் ஒருவர், ரூ லூயி-பிளாங்கில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தவர், அட்டைக்கு நேர் எதிரே நின்றுகொண்டே முறிப்பார். அறுபதை நெருங்கிய தனிக்கட்டை. பெருவிரலால் ஒரே அழுத்து. நுனி கீழே விழாது, தோலில் தொங்கும். பிறகு காயை இருந்த இடத்திலேயே வரிசையாக வைப்பார். அப்படி முறிக்கிற வேறு ஒருவரை நான் பார்த்ததில்லை.

“முறிக்க வேண்டாம், அண்ணை!” என்று அவள் தனக்குத் தெரிந்த தமிழில் கத்துவாள்.

“முத்தலோ பிஞ்சோ எண்டு நுனிதானே மடாம் சொல்லும். அட்டை சொல்லுமோ?” என்பார் அவர். முறித்ததையெல்லாம் கடைசியில் தானே வாங்கிக்கொண்டும் போவார்.

அந்த மூன்றாம் சனிக்கு முந்தைய இரண்டு சனியும் அவர் வரவில்லை. வேலை நேரம் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று நான் போய்ச் சேர்ந்தபோது அவள் மரக்கறி ஏற்றிவரும் வான் வண்டியின் பக்கத்தில் அசையாமல் நின்றாள். எங்கள் மேசை வரும் இடத்தில், சரியாக அந்த இடத்தில், வாழையிலை விரித்திருந்தது. சோறு, வெண்டிக்காய்ப் பால்கறி, பாகற்காய்ப் பொரியல், பொரித்த மீன், அவித்த முட்டை, ஒரு சிகரெட், சின்னப் போத்தலில் ஏதோ மது. ஓரத்தில் மண்விளக்கு. புகாருக்குள் அந்தச் சுடர் மட்டும்தான் நிறமாகத் தெரிந்தது. மேலே பாலத்தில் மெத்ரோ ஓடியபோது அது ஒருமுறை படுத்து எழும்பியது. எந்த நேரமும் காலுக்குள் வந்து கொத்தும் புறாக்கள் தூரத்தில் வட்டமாக நின்றன. ஒன்றுகூடக் கிட்ட வரவில்லை.

நான் குனிந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

“அக்கா, கை வையாதேங்கோ!”

பக்கத்தில் தொலைபேசிக் கடை வைத்திருப்பவர். அரைவாசி திறந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தபடி நின்றார். “முட்டையைக் கண்டனீங்களோ? உது செய்வினை. ஆரோ இந்தக் கடைக்கு வைச்சிருக்கினம்.”

“மோட்டுக் கதை கதையாதேங்கோ” என்றேன். ஆனால் கையை எடுத்துவிட்டேன்.

இலையைத் தொடாமல், மேசையைத் தள்ளிப் போட்டோம். கடை திறப்பதற்குள் கதை தெரு முழுவதும் போய்விட்டது. எங்கள் ஆட்கள் சதுக்கத்தின் மறுபக்கத்தில் நின்று பார்த்தார்கள். தெரிந்த முகங்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போயின. பெயர் கொடுத்திருந்த இரண்டு குடும்பங்கள் தொலைபேசியில் விலகிக்கொண்டன. புதுச்சேரிக்காரரான ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் மட்டும் வழக்கம்போல் வந்து கத்தரிக்காய் பொறுக்கினார். “எனக்குப் பேய் பயமெல்லாம் இல்லைம்மா. ரெத்ரெத் பென்ஷன் ஆபீஸுக்கே தனியா போயிட்டு வர்றவன் நான்” என்றார். சிரிக்க வேண்டும்போல் இருந்தது, முடியவில்லை.

மீதிக் காயைத் திரும்ப ஏற்றும்போது அவள் கேட்டாள், தான் இங்கே யாரையாவது அவமதித்துவிட்டாளா என்று. அந்த அட்டையாலா என்றும் கேட்டாள். நான் கடைசிப் பெட்டியைத் தூக்கி அவளிடம் கொடுத்தேன்.

அடுத்த சனியும் பனிப்புகார்தான். இலை இல்லை. எனக்கு மூச்சு வந்தது. பெட்டிகளை இறக்கி, ஈரச் சாக்கால் மூடிவிட்டு, அவள் வானை நிறுத்தப் போனாள். நான் வெண்டிப் பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்று கத்தரிக்காயை அடுக்கினேன்.

‘டக்’ என்றொரு சத்தம்.

பச்சைக் காய் முறிகிற சத்தம் எனக்குத் தெரியும். மரப்பெட்டி விரிந்திருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். மறுபடியும் ‘டக்’. கொஞ்சம் இடைவெளி. பிறகு அவசரமில்லாமல் ஒன்று, இன்னொன்று. வாங்க வந்த ஒருவர் நிதானமாகப் பார்ப்பதுபோல. திரும்ப வேண்டும் என்று நினைத்தேன். கழுத்து திரும்பவில்லை. மேலே மெத்ரோ கடந்து போன பிறகுதான் திரும்பினேன். ஒருவரும் இல்லை. சாக்கு போட்டபடி கிடந்தது.

சாக்கைத் தூக்கினேன். மேல்வரிசை முழுவதும் நுனி முறிந்திருந்தது. ஒன்றுகூடக் கீழே விழவில்லை. எல்லாம் தோலில் தொங்கின.

அவள் வந்து பார்த்தாள். தொங்கிய ஒரு நுனியை விரலால் தொட்டுவிட்டு, பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டாள்: “உங்கள் அண்ணை எங்கே?”

அந்தக் கேள்வியை நான் அல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்!

திங்கட்கிழமை வேலை முடிந்து ரூ லூயி-பிளாங்குக்குப் போனேன். சமையலறைக் கதவைத் திறந்தது அவரோடு வேலை செய்த ஒருவர். நான் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

“அண்ணை மோசம் போயிட்டார் அக்கா. ஆஸ்பத்திரியிலைதான் உயிர் போனது. இஞ்சை அவருக்கு ஒருத்தரும் இல்லை, நாங்கள்தான் எல்லாம் செய்தது.”

நாளைக் கேட்டேன். செப்டெம்பர் இரண்டாம் வெள்ளி என்றார். மூன்றாம் வெள்ளி எட்டாம் நாள்.

யாழ்ப்பாணத்தில் எட்டாம் நாள், ‘எட்டுச் செலவு’ என்று, இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, அதில் ஒரு பங்கை முச்சந்தியில் கொண்டுபோய் வைப்பார்கள். ஆண்கள்தான் போவார்கள், நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பாரிஸில் எட்டுச் செலவு வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுவதால், ஒருவருக்கும் அந்த நினைவே வரவில்லை. அந்த இலையை வைத்தது நீங்களா என்று அவரிடம் கேட்டேன்.

“இரவு ரெஸ்ரோரண்ட் பூட்ட ஒரு மணியாச்சு. ஒபர்வில்லியேயிலை அறைக்குப் போய்ச் சமைச்சு, முதல் மெத்ரோவிலை கொண்டுவந்தனான். இந்த ஊரிலை அவருக்குத் தெரிஞ்ச சந்தி உது ஒண்டுதான் அக்கா. ஒவ்வொரு சனியும் அந்தப் பிரெஞ்சுக்காரியோடை வாயாலை கொழுவிப்போட்டு வந்து, நாள் முழுக்க அதையே சொல்லிச் சிரிப்பார். போலிஸ் கண்டால் குப்பை போட்டதெண்டு பைன் அடிப்பாங்கள் எண்டு வைச்ச கையோடை ஓடிட்டன்.”

செய்வினைக் கதையை என்னிடம் கேட்ட அந்த உணவகக்காரர், ஒக்ரோபர் முதற் சனி காலையில் கடைக்கு வந்தார். கூட்டம் வழக்கம்போல் எதிர்ப்பக்கத்தில் நின்றது. அவர் நடுச் சதுக்கத்தில் நின்று, எல்லாருக்கும் கேட்க, “அது நான் வைச்ச எட்டுச் செலவு. எங்கடை அண்ணைக்கு வைச்சது. செய்வினை எண்டு ஆர் சொன்னது?” என்று கேட்டார்.

எல்லாரும் தொலைபேசிக் கடைக்காரரைப் பார்த்தார்கள். “நான் சும்மா ஒரு சந்தேகத்திலை...” என்று இழுத்தார் அவர்.

“அப்ப சும்மா வந்து பேரைக் குடுங்கோ” என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் சொன்னாள். சிரிப்பு எழும்பியது. முதல் பெயர் தொலைபேசிக் கடைக்காரருடையதுதான். அன்று மத்தியானம் கடை கட்டும்போது, விதைப்பதற்குத் தேவையான பெயர்கள் சேர்ந்துவிட்டன. நான் சொன்ன கதையைக் கேட்ட அவள், “முறிக்காதீர்கள்” அட்டையை எடுத்து இரண்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

உணவகக்காரர் புறப்படும்போது அவரைத் தனியாகக் கூப்பிட்டு, போன சனி வெண்டிக்காயை முறித்தது நீங்களா என்று கேட்டேன்.

“நானோ? நான் ஒருக்காத்தான் வந்தனான் அக்கா. போன சனி கார்ஜிலை மச்சான் வீட்டிலை நிண்டனான்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏன், என்ன நடந்தது?” என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிறகும் விசாரித்தேன். தோட்டத்தில் பறித்தவர்களையும், பக்கத்துக் கடைக்காரரையும், அதிகாலையில் தெரு கழுவுபவர்களையும் கேட்டாயிற்று. ஒருவருக்கும் தெரியவில்லை. இந்த வருடமும் கூடாரத்தில் வெண்டி காய்த்தது. ஒருவர் இரண்டு சனி வராவிட்டால் இப்போது நான் மூன்றாம் சனிவரை காத்திருப்பதில்லை, அன்றைக்கே தொலைபேசி எடுத்துவிடுகிறேன். புகார் உள்ள காலைகளில் வெண்டிப் பெட்டிக்கு முதுகைக் காட்டி நிற்பதுமில்லை. செப்டெம்பர் நான்காம் சனி அந்த வரிசையை முறித்தது யார் என்பது நாட்குறிப்பில் இன்றுவரை “உறுதியாகவில்லை” என்றே இருக்கிறது. யாராக இருந்தாலும், வராமற்போன ஒருவரை எங்களைத் தேட வைத்தது அந்தக் கைதான்.