டாக்டரம்மா பார்த்த ஓ.பி. சீட்டு

மங்கலம் பஸ்ஸில் இன்று நான் இருமியதும், பக்கத்தில் இருந்த பெரியவர் தன் கதையை ஆரம்பித்தார். 1960களில் பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டியவர்.

"ஆறு மாசம் இருமலுங்க. எக்ஸ்ரே எடுக்காமயே டி.பி.ன்னு மருந்து குடுத்தாங்க."

கடைசியாகப் பார்த்த டாக்டரம்மா சட்டையைக் கழற்றச் சொன்னாராம். இவர் ஓ.பி. சீட்டை உதட்டில் கவ்விக்கொண்டு பொத்தானை அவிழ்த்திருக்கிறார்.

அதைப் பார்த்த டாக்டரம்மா, "மிஷினுக்கு ஊசி மாத்தறப்ப, ஊசிய எங்க வெச்சுக்குவீங்க?" என்று கேட்டாராம்.

"வாயிலதாங்க."

எக்ஸ்ரேயில் நுரையீரலுக்குள் ஒரு ஊசி.

"எப்ப உள்ள போச்சுன்னு எனக்கே தெரியலீங்க. நெஞ்சுல கொழாய வெச்சுக் கேக்கறதுக்கு முன்னாடியே அந்தம்மா கண்டுபுடிச்சுட்டாங்க. அவங்க சாமிங்க."

அவர் இறங்கும் இடம் வந்தது. டிக்கெட்டை உதட்டில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் பையைத் தூக்கினார்.

இதைப் படிக்கும் டெய்லர்கள், வாயில் இருக்கும் குண்டூசியை எடுத்து வைத்துவிட்டுப் பதில் போடவும்.